பழைய பிக்கப்புக்கு எது காவல்: கூண்டா, பெல்ட்டா, பிரேக்கா, புதுச் சேஸா?

அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர்ப் பக்கம் தோப்பும் வயலும் உள்ள வீடுகளில், கொட்டகைக்குள் தார்ப்பாய் மூடி ஒரு பழைய பிக்கப் நிற்பதைப் பார்க்கலாம். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த மஹிந்திரா ஜீப்பாக இருக்கும். இல்லாவிட்டால் 1988-இல் டாடா இறக்கிய டாடாமொபைலாக இருக்கும். ஒரு காலத்தில் வாழைத்தாரும் உர மூட்டையும் ஏற்றிய வண்டி. இப்போது பேரப்பிள்ளைகள் அதைத் தூசி தட்டி, பெயின்ட் அடித்து, சாரல் சீசனில் குற்றாலம் போய்வர ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் பெயின்டுக்கும் சீட் உறைக்கும் செலவழிக்கும் பணத்தில் எவ்வளவு, மோதினால் உயிர் பிழைப்பதற்குப் போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

ஏன் என்று கேட்டால் பட்டறையில் ஒரே பதில்தான். "அந்தக் காலத்து இரும்பு, அண்ணாச்சி. லாரி வந்து இடிச்சாலும் லாரிக்குத்தான் சேதம்."

இதை முதலில் தீர்த்துவிடுவோம். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2009-இல் ஒரு சோதனை செய்தது. 1959-ஆம் வருஷத்து ஷெவர்லே பெல் ஏர் காரையும் 2009-ஆம் வருஷத்து ஷெவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகத்தில் ஒரு பாதி மட்டும் படும்படி நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பெல் ஏர் பெரிய கார், கனத்த கார். ஆனாலும் ஓட்டுநர் உட்காரும் இடம் அப்படியே மடிந்து போனது. மாலிபுவின் மூக்கு நசுங்கியது, உள்கூடு குலையாமல் நின்றது. நம் பிக்கப் அந்தப் பெல் ஏரைவிட மோசம். அடியில் இரண்டு தண்டவாளம் போல ஓடும் சேஸ் வளையாது. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கேபினோ தகரம். வளையாத சேஸ் சட்டென்று நிற்கும்போது, அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள உள்ளே இருக்கும் ஆளைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. வண்டிக்குச் சேதம் குறைவு என்று சொல்கிறார்களே, அது உண்மைதான். அதுதான் பிரச்சினையே.

நசுங்கி அடி வாங்கும் முன்பகுதியைப் பழைய வண்டிக்கு யாராலும் பின்னால் செய்து கொடுக்க முடியாது. ஏர்பேக்கும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட பாடி எவ்வளவு நேரத்தில் எப்படி நசுங்கும் என்று பல வண்டிகளை மோதிப் பார்த்து, அதற்கேற்ப வெடிக்கும்படி அளந்து வைப்பது அது. காயலான் கடையிலிருந்து ஸ்டீயரிங்கோடு எடுத்து வந்து மாட்டினால் அது வெறும் அலங்காரம். சில நேரம் அதுவே ஆபத்து. ஆக, நம் கையில் இருப்பது மூன்று காரியங்கள்: மோதாமல் நிற்க வைப்பது, மோதினால் ஆள் வெளியே விழாமல் பிடித்து வைப்பது, உள்ளே குத்துகிற சாமான்களை அகற்றுவது. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த மூன்றையும் வைத்துத்தான் எடை போடுகிறேன்.

கூண்டும் முன் கம்பியும்

யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். முன்னால் தடித்த குழாயில் ஒரு கம்பி, உள்ளே, வண்டி கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமல் தாங்கக் குழாய்களால் கட்டிய ஒரு ரோல் கூண்டு. பார்க்க மிடுக்காக இருக்கும்.

முன் கம்பியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. அது நேராகச் சேஸில் போய் உட்கார்கிறது. ஏற்கெனவே வளையாத சேஸை இன்னும் விறைப்பாக்குகிறது. எதிரே வரும் சைக்கிள்காரருக்கும் நடப்பவருக்கும் அது சாவுக் கம்பி. 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இதைக் கழற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மாட்டியிருந்தால் கழற்றி எடைக்குப் போடுங்கள்.

கூண்டு கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். மேல் திறந்த ஜீப்புக்கும் மூடிய கேபின் பிக்கப்புக்கும் இதில் வித்தியாசம் உண்டு. சி.ஜே. என்னும் குட்டை வகை ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குலம்தான். வில்லிஸ் பிக்கப்புக்கு 118 அங்குலம். நீளம் குறைந்து உயரம் தூக்கிய வண்டி சீக்கிரம் குடை சாயும். மாஞ்சோலை ஏற்றத்திலோ, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வளைவுகளிலோ கேன்வாஸ் கூரையோடு போகிற ஜீப்புக்கு, சீட்டுக்குப் பின்னால் ஒரு வளைவுக் கம்பி இருப்பது நியாயம். ஆனால் சீட் பெல்ட் இல்லாமல் அந்தக் கம்பி இருந்து பயனில்லை. கவிழும்போது ஆள் வெளியே போய்விடுவார். கம்பி அவர் மேலேயே வந்து விழும்.

மூடிய கேபினுக்குள் கூண்டு கட்டுவதில் இன்னொரு வில்லங்கம். பந்தயக்காரர்கள் ஹெல்மெட் போட்டு, தோளை இறுக்கும் பட்டையும் கட்டி, அந்தக் கூண்டுக்குள் உட்காருகிறார்கள். நாம் வெறுந்தலையோடு உட்காருகிறோம். பிக்கப் கேபினில் தலைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண்கூடத் தேறாது. சின்ன இடி பட்டாலே மண்டை குழாயில் மோதும். அதோடு கூண்டின் கால்களைத் தரைத் தகரத்தில் வெல்டிங் வைத்தால், கவிழும்போது கால் தகரத்தைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். சேஸோடு சேர்த்து, பரந்த தட்டு வைத்து நிறுத்தத் தெரிந்த ஆள் கிடைத்தால் ஒழிய, ரோட்டில் ஓடும் மூடிய பிக்கப்புக்கு நான் கூண்டு போடச் சொல்ல மாட்டேன்.

பழைய உடம்பு, புதுச் சேஸ்

அடுத்தது பணக்கார வழி. கழித்துப் போட்ட பொலிரோ ஒன்றை வாங்கி, அதன் சேஸ், இன்ஜின், ஆக்ஸில், பிரேக் எல்லாவற்றின் மேலும் தாத்தா வண்டியின் கேபினைத் தூக்கி வைப்பது. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஒரே அடியில் இக்காலத்துக்கு வந்துவிடும். ஸ்பேர் எங்கும் கிடைக்கும். மோதாமல் தப்பிக்கும் கணக்கில் இதற்கு நல்ல மதிப்பெண் போடலாம்.

மோதிவிட்டால்? உட்கார்ந்திருப்பது அதே பழைய தகரக் கேபினில்தான். வண்டியின் வேகம் மட்டும் கூடியிருக்கும். 40-இல் போன வண்டி 60-இல் போனால், மோதும்போது அடக்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு.

அப்புறம் காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸ் எண் வேறு, வண்டியில் இருக்கும் எண் வேறு என்று ஆகிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிறுவனம் செய்த அமைப்பிலிருந்து விலகுகிற மாற்றத்தை அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பழமைக்கென்று பதிவு வாங்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. சேஸிலோ, பாடியிலோ, இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று ஓட்டலாமே தவிர, தினப்படி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. சேஸ் மாற்றியவர் இந்தப் பதிவைக் கனவில்தான் பார்க்கலாம். 1988 டாடாமொபைலுக்கு எப்படியும் 2038 வரை இந்த வாசல் திறக்காது. சரக்கு வண்டியாகப் பதிவாகியிருக்கும் பிக்கப்புக்கும் இது நேரடியாகப் பொருந்தாது. முதலில் அந்தப் பதிவை மாற்ற வேண்டும்.

பிரேக், டயர், பின் விளக்கு

என் கணக்கில் முதல் ரூபாய் இங்கேதான் போக வேண்டும். பழைய ஜீப் பிரேக்கில், பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே, நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு சக்கரத்தில் ஒரு ரப்பர் வாஷர் பிய்ந்தால் போதும், பெடல் தரையைத் தொடும், நாலு சக்கரமும் போய்விடும். இரண்டு அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர் மாட்டி முன்னுக்கு ஒரு வழி, பின்னுக்கு ஒரு வழி என்று பிரித்தால், ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். அமெரிக்காவில் 1960களின் கடைசியிலேயே கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

டிரம்மை எடுத்துவிட்டு முன்னால் டிஸ்க் போடலாமா என்று கேட்பார்கள். காரையாரிலிருந்து பாபநாசம் இறங்கும்போதோ, குற்றாலச் சாரலில் நனைந்த பிறகோ டிரம் பிரேக் எப்படிக் கைவிடும் என்று ஓட்டியவருக்குத் தெரியும். சூடேறினால் வழுக்கும், தண்ணீர் புகுந்தால் ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க் நல்லதுதான். ஆனால் டிஸ்க்கை மட்டும் மாட்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் காரியம் கெடும். டிஸ்க்குக்கு அழுத்தம் அதிகம் வேண்டும் என்பதால், மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் தேவைப்படும். இந்த ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் மிதிபலகைக்குக் கீழே இருக்கிறது. டிஸ்க்கின் பிஸ்டனைவிடத் தாழ்வாக இருந்தால் எண்ணெய் திரும்பி ஓடி வந்துவிடும், அதைத் தடுக்க லைனில் சின்ன வால்வு வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் பின் பிரேக். பிக்கப்பின் தொட்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் இலேசு. முன்பக்கம் பிடிப்பதற்கு முன்னால் பின் சக்கரம் இறுகிவிட்டால் வண்டி சுற்றி நிற்கும். பின்னுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை வைத்து, காலி வண்டியோடு ஆளில்லாத மைதானத்தில் சோதித்து, அதன் பிறகுதான் ரோட்டில் இறக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த பட்டறை கிடைக்காவிட்டால், டிரம்மையே நன்றாகக் கடைந்து, புது லைனிங் ஒட்டி, இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரோடு நிறுத்திக்கொள்வது மேல். அரைகுறை டிஸ்க்கை விட அடங்கின டிரம் நல்லது.

டயரில் ரோட்டைப் பிடிக்கும் கட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். கொட்டகையில் நின்ற டயருக்குக் கட்டை புதிதாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2312 என்றால் 2012-இன் 23-ஆம் வாரம். அதை வைத்துக்கொண்டு வெயில் நேரத்தில் கயத்தாறு தாண்டி மதுரைப் பக்கம் போகக்கூடாது.

நாலு வழிச்சாலையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் அந்த 44-ஆம் எண் சாலையில் மற்றவர்கள் 100-இல் போவார்கள், நம் வண்டி 50-இல் போகும். அங்கே நேருக்கு நேர் மோதுவதை விட, பின்னாலிருந்து எவனாவது வந்து ஏறுவதுதான் பழைய வண்டிக்கு வரக்கூடிய கதி. இதற்குச் செலவே இல்லை. இரண்டு நல்ல பின் விளக்கு, கேபின் உச்சியில் மூன்றாவதாக ஒரு பிரேக் விளக்கு, பின் கதவு நெடுக சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர். மூன்றாவது விளக்கை அமெரிக்காவில் கார்களுக்கு 1986 மாடலிலிருந்தும் பிக்கப்புகளுக்கு 1994 மாடலிலிருந்தும் கட்டாயமாக்கினார்கள்; நம் ஊரில் மின்சாரக் கடைக்காரரே மாட்டித் தருவார். 'போகஸ் லைட்' என்று நெற்றியில் வரிசையாக மாட்டுவதற்குச் செலவழிக்கிறவர்கள், பின்னால் ஒரு பல்பு எரியாமல் இருப்பதைக் கவனிப்பதில்லை.

பெல்ட், சீட், ஸ்டீயரிங்

இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று புள்ளி பெல்ட்டை வோல்வோவில் நில்ஸ் போலின் செய்து கொடுத்தது 1959-இல். நம் வண்டிகளில் பலவற்றில் இன்றைக்கும் அது இல்லை. போடுவது எளிது, சரியாகப் போடுவதுதான் வேலை.

போல்ட் எங்கே கடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தரை விரிப்பைத் தூக்கிவிட்டு, கேபின் சேஸோடு சேரும் மூலைகளில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். உவரி, திசையன்விளைப் பக்கம் உப்புக் காற்றில் நின்ற வண்டியென்றால், பளபளவென்று பெயின்ட் அடித்த இடத்துக்குள் ஸ்க்ரூ டிரைவர் சரக்கென்று இறங்கும். செதில் செதிலாகத் துரு கொட்டும், பட்டி உதிரும், அதற்குள் பழைய நியூஸ் பேப்பர்கூட எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த பெல்ட்டைப் பூட்டினாலும் மோதும்போது போல்ட் தகரத்தோடு சேர்ந்து கையோடு வரும். முதலில் துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனத்தில், 40 சதுர சென்டிமீட்டர் பரப்புக்குக் குறையாத இரும்புத் தட்டு. பந்தயக் கார்களுக்குச் சர்வதேச விதியில் சொல்லியிருக்கும் அளவு அது. போல்ட்டும் ஹார்டுவேர் கடையில் எடை போட்டு விற்கும் போல்ட்டாக இருக்கக் கூடாது. பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல போல்ட் கேட்டு வாங்க வேண்டும்.

தோள்பட்டை வரும் மேல் முனை, உட்கார்ந்த ஆளின் தோளுக்குச் சமமாகவோ அதற்கு மேலேயோ இருக்க வேண்டும். கீழே இருந்தால் மோதும்போது பட்டை தோளைக் கீழ்நோக்கி அமுக்கி முதுகெலும்பை நசுக்கும். பல பிக்கப்புகளில் கதவுக்குப் பின்னுள்ள தூண் மெல்லியதாக இருப்பதால், சீட்டுக்குப் பின் தரையில் பூட்டித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். தூணுக்கு உள்ளே தகடு வைத்துப் பலப்படுத்த வழியில்லை என்றால், இடுப்புப் பட்டை மட்டும் போடுவது அதைவிட மேல். முகம் டேஷ்போர்டில் இடிக்கும், ஆனால் ஆள் கண்ணாடி வழியே பறக்க மாட்டார். தானே சுருட்டிக்கொள்ளும் டப்பாவை நிறுவனம் சொன்ன கோணத்தில் நிறுத்த வேண்டும். சாய்த்து மாட்டினால் எப்போதும் பூட்டிக்கொள்ளும், அல்லது பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டாது. விபத்தில் நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய பெல்ட்டை வாங்கவே வாங்காதீர்கள். ஒரு தடவை ஆளைப் பிடித்த பட்டை நீண்டு போயிருக்கும்.

நீளமான பெஞ்சு சீட்டுக்குத் தலை சாய்க்க ஒன்றும் கிடையாது. தலைக்குப் பின்னால் உடனே கண்ணாடி. நாலு வழிச்சாலைக் கதையை நினைத்தால், தலைப்பலகையுள்ள தனி சீட்டுகள் இரண்டு போடுவது பெல்ட்டுக்கு அடுத்தபடியான செலவு. சீட் போல்ட்டுகளுக்கும் அதே தட்டு வேண்டும். முன் கண்ணாடி தட்டையாக இருந்தால் கொடுத்து வைத்தவர் நீங்கள்: இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியை அளவு கொடுத்து வெட்டி வாங்கலாம். உடைந்தாலும் முகத்தில் கொட்டாது.

மிச்சம் ஸ்டீயரிங் தண்டு. பழைய வண்டியில் முன்னாலிருக்கும் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேராக ஒரே இரும்புத் தடி. முகப்பு பின்னால் நகர்ந்தால் அது ஈட்டி. புது வண்டிகளில் தண்டு தொலைநோக்கி போல ஒன்றுக்குள் ஒன்று மடங்கும், நடுவே ஜாயிண்டும் இருக்கும். அதைப் பழைய வண்டிக்குப் பொருத்தலாம். பல் அமைந்த இணைப்பும் பூட்டு போல்ட்டும் வைத்துச் செய்யத் தெரிந்த லேத் ஆள் வேண்டும். தண்டை வெட்டி நடுவில் வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். தெரிந்த ஆள் கிடைக்கும் வரை, தோள்பட்டை பெல்ட்டை இறுக்கமாகக் கட்டுவதும், சீட்டை எட்டும் அளவுக்குப் பின்னால் தள்ளி உட்காருவதும்தான் கதி.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சி.ஜே. ஜீப்பில் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அமெரிக்கப் பிக்கப்புகளிலும் 1972 வரை பலவற்றில் கேபினுக்குள், சீட்டின் முதுகுக்குப் பின்னால்தான். டேங்கை இடம் மாற்றுவது பெரிய வேலை. ஆனால் வெடித்த ரப்பர் குழாயையும் தளர்ந்த மூடியையும் மாற்றுவதும், கைக்கெட்டும் இடத்தில் பேட்டரி சுவிட்ச் ஒன்றும் தீயணைப்பான் ஒன்றும் வைப்பதும் ஒரு நாள் வேலை.

புது பிக்கப்பே வாங்கினால்?

தினமும் பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறவருக்கு இதுதான் பதில், தயங்க வேண்டாம். பழைய வண்டியில் எவ்வளவு செலவழித்தாலும் வராத உள்கூடு இதில் வந்துவிடும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்னும், மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் சோதனை பயணிகள் வண்டிகளுக்கானது, சரக்குப் பிக்கப்புகளுக்கு இல்லை. ஆகவே ஏர்பேக் உண்டா, எத்தனை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உண்டா என்று ஷோரூமில் வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அப்படியானால் தாத்தா வண்டி? மாதத்தில் சில நாள் ஓட்டுகிறவருக்கு என் தேர்வு இது: சேஸைத் தொடாதே, கூண்டு கட்டாதே. துரு, டயர், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், பின் விளக்கு இவை முதல் தவணை. தலைப்பலகை சீட்டும் மூன்று புள்ளி பெல்ட்டும் அடுத்தது. டிஸ்க்கும் ஸ்டீயரிங் தண்டும் நல்ல கைக்காரர் கிடைக்கும்போது. இதில் பெரும்பாலானவை போல்ட்டில் ஏறி போல்ட்டில் இறங்குபவை. வி.ஏ. எண் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும், வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் 60-க்கு மேல் ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

இவை எல்லாமே கேபினுக்குள் இருப்பவர்களுக்குத்தான். குலதெய்வம் கோயில் கொடைக்கு என்று தொட்டியில் பத்து இருபது பேரை ஏற்றுவது நம் பக்கத்தில் சாதாரணம். அங்கே பெல்ட்டும் இல்லை, கூரையும் இல்லை, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். ஆளுக்கு வேன் பேசிக்கொள்ளுங்கள். சாமான் ஏற்றினாலும் கேபினின் பின் கண்ணாடியை மறைத்து ஒரு கம்பி வலைத் தடுப்பு வேண்டும், கயிற்றுக்குப் பதில் நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை வேண்டும். வண்டி சட்டென்று நின்றால் அண்டாவும் விறகும் அதோடு நிற்காது.

வேலை முடிந்ததும் பில்களையும் படங்களையும் சேர்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். 5 வருஷம் தாண்டிய வண்டியின் மதிப்பைக் கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்; பேசும்போது அந்த பில்கள் கையில் இருந்தால் நல்லது.